வாய் திறக்காத செட்டாப் பாக்ஸும் வீட்டில் செய்த ரெக்கார்டரும்

எங்கள் வீட்டில் இன்னும் கேபிள் இணைப்பை எடுக்காமல் வைத்திருப்பதற்கு லோக்கல் சேனல்தான் காரணம். சீரியல், சினிமா, செய்தி எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. ஆனால் ஊர்க் கோயில் தேரோட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கடைத்தெருப் பட்டிமன்றம் என்று கேபிள்காரர் தன் சொந்த சேனலில் போடுவதெல்லாம் எந்த ஓடிடியிலும் வராது. போடுகிற நேரமும் ஒரு மாதிரி: மதியம் இரண்டரை மணி, இல்லையென்றால் இரவு பதினொன்று. அம்மாவுக்கு அதுதான் வேண்டும். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. எட்டரை மணி சீரியலை வீட்டுக்கு வந்த பிறகு பெரிய திரையில் பார்க்க வேண்டும். ஆக, ஒரு ரெக்கார்டர் தேவைப்பட்டது. கடையில் போய் டிவிஆர் (டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர்) வேண்டும் என்று கேட்டால் சிசிடிவி கேமராவுக்கான டிவிஆரைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

கடைசியில் நானே செய்தேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், டிவி படத்தை அதற்குள் எடுக்கும் ஒரு யூஎஸ்பி கேப்சர் டாங்கிள், பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க், ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளி விடும் ஒரு ஐஆர் எல்இடி. சாமான் அவ்வளவுதான். இதில் படம் பிடிப்பது சுலபமான பாதி. செட்டாப் பாக்ஸை நடத்துவதுதான் கஷ்டமான பாதி. பாக்ஸ் இப்போது ஆனில் இருக்கிறதா, எந்த சேனலில் நிற்கிறது, நாம் அனுப்பிய நம்பர் போய்ச் சேர்ந்ததா என்று எதையும் அது சொல்லாது. நாம் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ரெக்கார்டருக்குக் கண் கிடையாது. வேலையில் பெரும்பங்கு அந்தக் கண்ணை வைப்பதற்கே போனது. அதனால் இந்தப் பதிவும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

முதலில், மூடிக் கிடக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன்.

பாக்ஸின் பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறது. மெனுவில் பிவிஆர் (பதிவு வசதி) என்று ஒரு வரிகூட இருக்கிறது. பென் டிரைவைச் செருகினால் போட்டோவும் பாட்டும் வரும்; ரெக்கார்டை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கேபிள்காரரிடம் கேட்டேன். “அது கம்பெனிலயே லாக் பண்ணித்தான் சார் அனுப்புறாங்க, நம்ம கையில ஒண்ணும் இல்ல” என்றார். பதிவு வசதி திறந்திருக்கும் பாக்ஸ்களிலும், பொதுவாக டிஸ்கில் இறங்கும் ஃபைல் என்க்ரிப்ட் ஆகித்தான் இறங்குகிறது. அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். பாக்ஸ் பழுதாகி மாற்றினால் பதிவும் அதோடு போயிற்று.

கேபிள் வயரை நேரே ஒரு டிவிபி-சி ட்யூனரில் (டிஜிட்டல் கேபிளைக் கம்ப்யூட்டரில் வாங்கும் சாதனம்) செருகலாமே என்றால், டிஜிட்டல் கேபிளில் சேனல்கள் பூட்டியபடிதான் வருகின்றன. சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக எடுக்கலாம் என்றால் அங்கே ஹெச்டிசிபி என்ற இன்னொரு பூட்டு. கேப்சர் கார்டு ஒழுங்கானதாக இருந்தால் கருப்புத் திரையைத்தான் காட்டும். ஸ்ப்ளிட்டர் வைத்து அதைக் கழற்றுவது எப்படி என்று வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்த 65ஏ பிரிவு இப்படிப் பூட்டை உடைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதே 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்துகொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது. சொந்த உபயோகம் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். யூடியூபில் ஏற்றுவதும் வாட்ஸப் குரூப்பில் போடுவதும் அதில் சேராது.

மிச்சம் இருப்பது ஏவி அவுட். பூட்டெல்லாம் இல்லாத பழைய அனலாக் வயர். ஹெச்டி கிடைக்காது, 576 வரிதான். எங்கள் லோக்கல் சேனல் இருக்கும் லட்சணத்துக்கு அதுவே அதிகம்.

வயரும் டாங்கிளும்

இப்போதைய சின்ன பாக்ஸ்களில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை கிடையாது. இயர்போன் துளை மாதிரி 3.5 மிமீ ஜாக் ஒன்றுதான். அதற்கான வயரின் முனையில் நான்கு வளையம் இருக்கும். இந்த நான்குக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசை எதுவும் இல்லை. ராஸ்பெர்ரி பையின் வரிசை, நுனியில் இருந்து இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், வீடியோ. வேறு சில வயர்களில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறி இருக்கும். கடையில் இரண்டும் ஒரே கூடையில் கிடக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீடியோவும் ஒலியும் மட்டும் மாறியிருந்தால் மஞ்சளுக்குப் பதில் சிவப்பைச் செருகிச் சமாளித்துவிடலாம். கிரவுண்ட் மாறியிருந்தால் எதைச் செய்தாலும் உறுமல் சத்தமும் கலங்கிய படமும்தான். மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்து, எந்த வளையம் மறுபக்கத்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆர்சிஏ முனைகளின் வெளி உலோகத்தோடு பேசுகிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

டாங்கிள் விஷயம் சுத்த லாட்டரி. ஈஸிகேப் என்ற பெயரில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கூட்டுக்குள் நான்கைந்து வகை சிப் வருகிறது. எஸ்டிகே1160, ஈஎம்2860, ஃபுஷிகாய் என்று எது வந்தாலும் பையில் ஓடும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் வேலை செய்யும். சோமாஜிக் சிப் வந்தால்தான் தலைவலி. ஒவ்வொரு முறையும் அதற்குள் ஃபர்ம்வேரை ஏற்றினால்தான் எழுந்திருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் சிப் பெயரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கும் தெரியாது. திருப்பிக் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எஸ்டிகே1160 வந்தது.

செருகியதும் கருப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே ஒரு படம் வந்தால் பயப்பட வேண்டாம். டாங்கிள் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் நிற்கிறது என்று அர்த்தம். நம் ஊர் டிவி முறையின் பெயர் பால் (PAL): 625 வரி, அதில் படம் 576 வரி, நொடிக்கு 25 பிரேம். வி4எல்2-சிடிஎல் கட்டளையில் பாலுக்கு மாற்றியதும் நிறம் வந்துவிடும். அப்படியே கான்ட்ராஸ்டையும் பிரைட்னஸையும் கொஞ்சம் இறக்கினேன். டிரைவர் வைத்திருந்த அளவில் வெள்ளை வேட்டி எல்லாம் மடிப்பே தெரியாமல் ஒரே வெளிச்சமாக இருந்தது. கேப்சர் செய்யும்போதே வெளுத்துப்போனதை அப்புறம் மீட்க முடியாது.

பாக்ஸ் மெனுவில் டிவி வடிவத்தை 16:9 என்று வைத்தேன். 4:3 லெட்டர்பாக்ஸில் விட்டால் மேலும் கீழும் கருப்புப் பட்டை சேர்ந்து, இருக்கிற 576 வரியிலும் கால்வாசி வீணாகும். 16:9இல் வைத்தால் எல்லா வரியிலும் படம் இருக்கும், குறுகலாக நெருக்கியபடி. ஃபைலில் அகல விகிதத்தை எழுதிவிட்டால் பிளேயர் அதைச் சரியாக விரித்துக் காட்டும். படத்தின் உச்சியில் விட்டு விட்டு ஒரு வெள்ளைக் கோடு துடித்தால் அதுவும் கோளாறு இல்லை. இந்தப் படம் அகலத் திரைக்கானது என்று டிவிக்குச் சொல்லும் குறிப்பு 23ஆம் வரியில் போகிறது. பழைய டிவிகள் ஓரத்தை மறைத்துவிடும் என்பதால் நாம் பார்த்ததில்லை. மேலே நான்கு வரியை வெட்டிவிட்டேன்.

ஏவி வழியாக வருவது இன்டர்லேஸ் படம்; ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும். தேர் மெல்ல நகரும் காட்சியில் தெரியாது; வாணவேடிக்கையிலும் திரையின் அடியில் ஓடும் விளம்பர வரியிலும் சீப்புப் பல் மாதிரி ஓரம் பிரிந்து தெரியும். படத்தைப் பதியவும் மாற்றவும் உதவும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஃப் ஃபில்டரைப் போட்டு நொடிக்கு 50 பிரேமாக ஆக்கினேன். ஓடும் எழுத்து வழுக்கிக்கொண்டு போவது மாதிரி ஆகிவிட்டது.

ஒலி இன்னொரு தனிக்கதை. டாங்கிள் படத்தை ஒரு கடிகாரத்திலும் ஒலியை இன்னொரு கடிகாரத்திலும் அளந்து அனுப்புகிறது. ஐந்து நிமிடச் சோதனையில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். இரண்டு மணி நேரப் பட்டிமன்றத்தின் கடைசியில் நடுவர் வாயை மூடிய பிறகு தீர்ப்பு கேட்கும். அரீசாம்பிள் ஃபில்டரில் அசிங்க் என்பதை 1000 என வைத்தால், ஒலியைக் காதுக்குத் தெரியாத அளவில் இழுத்தும் சுருக்கியும் படத்தோடு சேர்த்து நடத்துகிறது. சோதனைப் பதிவு எடுத்தால் நீளமாக எடுங்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

டிஸ்கும் கரன்ட்டும்

சுருக்காமல் வரும் படம் நொடிக்கு ஏறத்தாழ 20.7 எம்பி. அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி ஆகும். பை 4இல் ஹெச்.264 முறையில் படத்தைச் சுருக்கும் ஹார்டுவேர் என்கோடர் இருக்கிறது, இந்த வேலைக்கு அது தாராளம். புதிய பை 5இல் அந்த என்கோடரை எடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில் சிபியூவே சுருக்க வேண்டும். நொடிக்கு 3 மெகாபிட் வைத்தேன். மணிக்கு 1.4 ஜிபி வருகிறது, 500 ஜிபி டிஸ்கில் சுமார் 350 மணி நேரம் கொள்ளும்.

அந்த 20.7 எம்பி யூஎஸ்பி 2 தாங்கும் எல்லையை ஒட்டியது. பை 4இன் நான்கு போர்ட்டுக்கும் யூஎஸ்பி 2 பாதை ஒன்றேதான். ஹார்ட் டிஸ்கையும் அதே பாதையில் விட்டால் பிரேம்கள் உதிர ஆரம்பிக்கும். நீல நிற போர்ட்டில், யூஎஸ்பி 3 கேஸோடு டிஸ்கைச் செருகினால் அது தனிப் பாதையில் போய்விடும். டாங்கிளுக்குக் கருப்பு போர்ட். எஸ்டி கார்டில் பதிவு செய்யாதீர்கள். நாள் முழுக்க எழுதினால் கார்டு தேய்ந்துவிடும்.

ஃபைலை எம்பி4 ஆக எழுதக் கூடாது. எங்கே என்ன இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 கடைசியில்தான் எழுதும். நடுவில் கரன்ட் போனால் ஒன்றே முக்கால் மணி நேரப் பதிவும் திறக்காத ஃபைலாகிவிடும். எம்கேவியில் எழுதினால் கரன்ட் போன நொடி வரைக்கும் இருப்பது ஓடும். எங்கள் பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு மின்தடை உண்டு. சொல்லாமல் போவது தனி. ரவுட்டருக்கு வாங்கும் சின்ன யூபிஎஸ்ஸில் செட்டாப் பாக்ஸையும் சேர்த்துவிட்டேன். பாக்ஸ் 12 வோல்ட் என்பதால் அது ஒத்துவந்தது. உங்கள் பாக்ஸின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பை 4இல் கரன்ட் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. நேரத்தை இன்டர்நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கரன்ட் வந்து, நெட் வராமல் இருக்கும் அரை மணி நேரத்தில் அது பழைய நேரத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். எட்டரை மணி பதிவு அப்படித்தான் தவறும். டிஎஸ்3231 என்ற சின்ன மாட்யூல், ஒரு பட்டன் பேட்டரியோடு, இந்தக் குறையைத் தீர்த்தது. ரெக்கார்டர் செய்யும் யாரும் இதை முதல் நாளே வாங்கிவிடலாம்.

ரிமோட் வேலை

இனி பாக்ஸை ஆட்டிவைக்கும் பகுதி. அமெரிக்காவில் 1999இல் டிவோ என்ற ரெக்கார்டர் வந்த காலத்திலேயே இதே சிக்கல் இருந்தது. அவர்களும் கேபிள் பாக்ஸ் முன்னால் ஐஆர் பிளாஸ்டர் வயரை ஒட்டித்தான் சேனல் மாற்றினார்கள். பின்னர் அங்கே தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி தலையிட்டு, வாடிக்கையாளர் கேட்டால் 2004 ஏப்ரல் முதல் ஃபயர்வயர் போர்ட் வேலை செய்கிற ஹெச்டி பாக்ஸைக் கொடுக்க வேண்டும் என்று கேபிள் கம்பெனிகளுக்கு விதி போட்டது. அதில் ஒரே வயரில் படமும் வரும், சேனலும் மாற்றலாம். என் பாக்ஸில் அப்படி எதுவும் இல்லை. எல்இடிதான் கதி.

ரிமோட் அனுப்புவதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐஆர் ரிசீவர் என்று கேட்டால் பெரும்பாலும் டிசாப்1738ஐ எடுத்துக் கொடுப்பார்கள். அது 5 வோல்ட் சாமான். அதன் அவுட்புட்டும் 5 வோல்ட்டுக்கு ஏறும். பையின் இணைப்புக் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நேராக இணைத்தால் பை போய்விடலாம். டிசாப்38238 என்று கேட்டு வாங்கினால் 3.3 வோல்ட்டிலேயே ஓடும்.

இணையத்தில் இருக்கும் பழைய குறிப்புகள் லிர்க்-ஆர்பிஐ என்ற டிரைவரைப் போடச் சொல்கின்றன. அது இப்போதைய கெர்னலில் இல்லை. கேட்பதற்கு ஜிபிஐஓ-ஐஆர், அனுப்புவதற்கு பிடபிள்யூஎம்-ஐஆர்-டிஎக்ஸ் என்று இரண்டு ஓவர்லே (கால்களுக்கு வேலை ஒதுக்கும் அமைப்புக் கோப்பு) இருக்கின்றன. கேட்பதை 17ஆம் ஜிபிஐஓ காலிலும் அனுப்புவதை 18லும் வைத்தேன். அனுப்ப இன்னொரு ஓவர்லேயும் உண்டு. அது ரிமோட்டுக்கான 38 கிலோஹெர்ட்ஸ் அலையை மென்பொருளாலேயே தட்டித் தட்டி உண்டாக்குகிறது. பை படம் சுருக்கும் வேலையில் மூழ்கியிருக்கும்போது அந்தத் தாளம் தவறி, பாக்ஸ் சில பட்டன்களைக் கேட்காமலே விட்டுவிடும். பிடபிள்யூஎம் வகை ஹார்டுவேரிலேயே அலையை உண்டாக்குவதால் அந்தத் தொல்லை இல்லை.

ஐஆர்-கீடேபிள் கட்டளையைச் சோதனை முறையில் ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனையும் அழுத்தினால் அதன் எண் திரையில் விழும். என் ரிமோட் என்ஈசி வகை: முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு, 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, பிறகு 32 பிட். பூஜ்யம் முதல் ஒன்பது வரை, ஓகே, இன்ஃபோ, எக்ஸிட், பவர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். பெயர் தெரியாத வகையாக இருந்தாலும் கவலையில்லை. துடிப்புகளை அப்படியே பதிந்து திருப்பி அனுப்ப ஐஆர்-சிடிஎல் இருக்கிறது.

அனுப்பும் சர்க்யூட் எளிது. 18ஆம் ஜிபிஐஓ காலில் இருந்து 1 கிலோஓம் வழியாக ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டில் இருந்து 100 ஓம், பிறகு 940 நானோமீட்டர் எல்இடி, பிறகு கலெக்டர். சுமார் 35 மில்லிஆம்பியர் ஓடும். பாக்ஸை ஒட்டியே இருக்கப்போகும் எல்இடிக்கு அது போதும். எரிகிறதா என்று கண்ணால் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால் ஊதாப் பொட்டாக மின்னும். பின் கேமராவில் பல போன்களில் தெரியாது, ஃபில்டர் தடுத்துவிடும்.

எல்இடியை எங்கே ஒட்டுவது? பாக்ஸின் முகப்பில் டார்ச் அடித்தால் கருப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ரிசீவரின் சின்ன உருண்டை முகம் தெரியும். அதற்கு நேராக ஒட்டி, மேலே கருப்பு டேப்பால் நன்றாக மூடினேன். மூடியதற்குக் காரணம் உண்டு. ரெக்கார்டருக்கென்று இரண்டாவது இணைப்பு எடுத்தேன், அதே கம்பெனி பாக்ஸ். இரண்டும் ஒரே ரிமோட் கோடுக்குக் கீழ்ப்படியும். மூடாமல் விட்டால், அம்மா ஹாலில் சேனல் மாற்றும்போது பதிவும் சேர்ந்து மாறும். ரெக்கார்டர் நம்பர் அடிக்கும்போது அம்மா பார்ப்பது மாறும். “ஏன்டா, பேய் எதுவும் புகுந்துருச்சா இதுல?” என்ற கேள்வி வரும் முன் டேப் ஒட்டிவிடுவது நல்லது. ஒரே பாக்ஸை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் தரும். பதிவு ஓடும்போது மற்றவர்கள் அதே சேனலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்காது.

கண் வைத்த கதை

எல்இடி வேலை செய்கிறது, கிரான் என்ற டைமர் நேரத்துக்கு எழுப்புகிறது, எஃப்எஃப்எம்பெக் பதிகிறது. பலர் இங்கேயே முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். உண்மையில் தொல்லை இங்கேதான் ஆரம்பம்.

மூன்று இலக்கச் சேனல் நம்பரை வேகமாக அனுப்பினால் பாக்ஸ் நடு இலக்கத்தை விழுங்கிவிடும். 148 கேட்டால் 18 வரும். மெதுவாக அனுப்பினால் முதல் இலக்கத்தோடே பொறுமை இழந்து 1ஆம் சேனலுக்கு ஓடிவிடும். இலக்கங்களுக்கு நடுவில் 0.6 நொடி விட்டு, கடைசியில் ஓகே அடிப்பது என் பாக்ஸுக்குப் பொருந்தியது. அதுவும் எப்போதும் பொருந்தாது. கரன்ட் போய் வந்தால் பாக்ஸ், தான் விரும்பும் விளம்பரச் சேனலில்தான் போய் நிற்கும். சில மணி நேரம் யாரும் பட்டன் தொடவில்லை என்றால் தானே ஸ்டாண்ட்பைக்குப் போய்விடும். பவர் பட்டனோ ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒன்றேதான். ஆனில் இருக்கும் பாக்ஸுக்கு ஆன் செய்கிறேன் என்று பவர் அனுப்பினால் அணைந்துவிடும்.

அதனால் எதையும் அனுப்பும் முன் பார்க்க வேண்டும். பதிவுக்கு எட்டு நிமிடம் முன்னால் ஸ்கிரிப்ட் எழுந்து, டாங்கிளில் இருந்து சில நொடிப் படத்தை எடுக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் பிளாக்டிடெக்ட் என்று ஒன்று இருக்கிறது, முழுக்கக் கருப்பாக இருந்தால் சொல்லிவிடும். கருப்பு என்றால் மட்டும் பவர் ஒரு முறை. பாக்ஸ் எழ ஒன்றரை நிமிடம் காத்திருந்து மறுபடி பார்ப்பது. அப்போதும் கருப்பு என்றால் என் போனுக்கு ஒரு செய்தி வரும். படம் இருந்தால் எக்ஸிட் இரண்டு முறை, ஏதாவது மெனு திறந்து கிடந்தால் மூடிக்கொள்ளட்டும் என்று. பிறகு சேனல் நம்பர்.

நம்பர் போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் பதில் திரையிலேயே இருக்கிறது. இன்ஃபோ பட்டனை அழுத்தினால் பாக்ஸ் கீழே ஒரு பட்டையைக் காட்டும்; அதில் சேனல் நம்பர் பெரிய எழுத்தில் இருக்கும். அது ஏவி வயரிலும் வருகிறது. இன்ஃபோ அனுப்பி, ஒன்றரை நொடி கழித்து ஒரு பிரேமை எடுத்து, நம்பர் இருக்கும் கட்டத்தை மட்டும் வெட்டி, மூன்று மடங்கு பெரிதாக்கி, கருப்பு வெள்ளையாக்கி டெஸராக்டிடம் கொடுத்தேன். எழுத்தை வாசிக்கும் அந்த மென்பொருளிடம், இலக்கங்களை மட்டும் தேடு என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 0வை ஓ என்றும் 1ஐ எல் என்றும் வாசிக்கும். அனலாக் படம் என்பதால் இலக்கங்களின் ஓரத்தில் நிறம் கசிந்திருக்கும். கருப்பு வெள்ளை ஆக்கியதும் அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கியது. கேட்ட நம்பரும் வாசித்த நம்பரும் ஒன்றானால் பதிவு. இல்லையென்றால் மறுபடி அடி. வாய் திறக்காத பாக்ஸ் தன் பட்டையில் எழுதிக் காட்டுகிறது, ரெக்கார்டர் அதை வாசிக்கிறது. இதைப் போட்ட பிறகு தவறான சேனல் பதிவாவது நின்றது.

கேபிள்காரர் சேனல் வரிசையை அவ்வப்போது கலைத்துப் போடுவார். நம்பர் சரியாக இருக்கும், சேனல் வேறாக இருக்கும். பட்டையில் சேனல் பெயரும் இருக்கிறதுதான். ஆனால் நீளமான பெயரை வெட்டிக் காட்டுகிறது, வாசிப்பதும் சொதப்புகிறது. அதனால் பட்டையில் பெயர் இருக்கும் கட்டத்தைப் படமாகவே சேமித்து வைத்து, புதிதாக எடுத்ததோடு ஒப்பிடுகிறேன். நிறைய மாறியிருந்தால் போனுக்குச் செய்தி. சேனல் பெயருக்கும் நம்பருக்கும் ஒரே ஒரு ஃபைல் வைத்திருப்பதால், அங்கே ஒரு வரி திருத்தினால் எல்லாப் பதிவும் சரியாகிவிடும்.

பதிவில் எப்போதாவது படத்தின் நடுவே நீளமான எண் ஒன்று தோன்றி மறையும். முதலில் பார்ப்பவர்கள் டாங்கிள் கோளாறு என்று நினைப்பார்கள். அது கம்பெனி பாக்ஸுக்கு அனுப்பும் ஃபிங்கர்பிரின்ட்; படம் எங்காவது வெளியே போனால் எந்த பாக்ஸில் இருந்து போனது என்று கண்டுபிடிப்பதற்கு. அதை அழிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பார்ப்பது

பார்க்கும் பக்கம் சீக்கிரம் முடிந்தது. அதே பையை ஹெச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்து கோடி (Kodi) என்ற பிளேயரைப் போட்டேன். டிவியில் சிஈசி வசதி (ரிமோட் பட்டனை ஹெச்டிஎம்ஐ வழியாக அனுப்புவது) இருப்பதால் டிவி ரிமோட்டின் அம்புப் பட்டன்களே கோடியை நடத்துகின்றன. அம்மா புது ரிமோட் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஃபைல் பெயர்களைத் தமிழில் வைத்தேன்: நிகழ்ச்சி, கிழமை, தேதி. சீரியல்கள் பத்து நாளில் தானே அழியும். லோக்கல் சேனல் ஃபோல்டரில் எதுவும் அழியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, சீரியலுக்கு முன்னால் மூன்று நிமிடம், பின்னால் பத்து நிமிடம். லோக்கல் சேனலுக்கு அந்தக் கணக்கு உதவாது. நான்கு மணி தேரோட்டம் நாலே முக்காலுக்குத்தான் தொடங்கும், எப்போது முடியும் என்று தேருக்கே தெரியாது. அதற்கு மட்டும் பின்னால் இரண்டு மணி நேரம் கூட்டி வைத்திருக்கிறேன்; டிஸ்க்தான் இருக்கிறதே.

இன்னும் சரிசெய்யாதது ஒன்று உண்டு. மாதச் சந்தா முடிந்தால் பாக்ஸ், படத்துக்குப் பதில் புதுப்பிக்கச் சொல்லும் அட்டையைக் காட்டும். அது கருப்புத் திரை இல்லை, பட்டையில் நம்பரும் சரியாகவே வரும். ஸ்கிரிப்ட் திருப்தியாக ஒரு மணி நேரம் அந்த அட்டையைப் பதிந்து வைக்கும். அசையாத படத்தைக் கண்டுபிடிக்க எஃப்எஃப்எம்பெக்கிலேயே ஃப்ரீஸ்டிடெக்ட் இருக்கிறது. ஆனால் லோக்கல் சேனலிலும் ஒரே விளம்பர அட்டை பத்து நிமிடம் அசையாமல் நிற்பது வழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, சந்தா அட்டையின் படத்தையும் ஒன்று பிடித்து வைத்து ஒப்பிட வேண்டும். அடுத்த மாதம் வேண்டுமென்றே இரண்டு நாள் தாமதமாகப் பணம் கட்டப்போகிறேன்.